ஏட்டையா எழுதாத நாவல்

மாத நாவல்கள் கொடிகட்டிப் பறந்த 1980களில், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக் கடையானாலும் திருச்சுழி பெட்டிக்கடையானாலும் கயிற்றில் தொங்கியவற்றில் கொலைக்கதைகளுக்குத்தான் மவுசு அதிகம். ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, சுஜாதாவின் கணேஷ்–வசந்த் என்று துப்பறிகிறவர்களை வாசகர்கள் சொந்தக்காரர்களைப் போலப் பெயர் சொல்லிப் பேசினார்கள். இவர்களைப் படைத்தவர்கள் யாரும் காக்கிச் சட்டை போட்டவர்கள் இல்லை. கொலை நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்பவர், பிணத்துக்குக் காவல் இருப்பவர், சாட்சியின் வாயிலிருந்து முதல் வார்த்தையைப் பிடுங்குபவர் போலீஸ்காரர். அவர் எழுதிய குற்ற நாவல் என்று ஒரு வரிசையே தமிழில் ஏன் உருவாகவில்லை?

இந்தக் கேள்வியை வானம் பார்த்த இந்த வட்டாரத்தில் வைத்துக் கேட்கக் காரணம் இருக்கிறது. அருப்புக்கோட்டையை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், குற்றத்தை மையமாகக் கொண்ட முக்கியமான தமிழ் நாவல்கள் சில அதற்குள்ளும் அதன் ஓரத்திலும் அகப்படும். தென்மேற்கே கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணியின் ‘வெக்கை’, உள்ளேயே மல்லாங்கிணறுக்காரரான எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’, தென்கிழக்கே பெருநாழியைச் சேர்ந்த வேல ராமமூர்த்தியின் ‘குற்றப் பரம்பரை’. களவு, கொலை, தலைமறைவு, பழி என்று குற்றக்கதைக்கு வேண்டிய சரக்கு எல்லாம் இவற்றில் இருக்கிறது. மூன்றிலும் கதை ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுதான் சொல்லப்படுகிறது. இது தற்செயல் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

வங்கத்துத் தாரோகாவும் சென்னைப் போலீஸ் நிபுணனும்

போலீஸ்காரர் கதை எழுதுவது உலகுக்குப் புதிதல்ல. பிரான்சில் குற்றவாளியாக இருந்து, பின்பு பாரிஸ் துப்பறியும் படைக்கே தலைவரான விடோக் தன் நினைவுக் குறிப்புகளை 1828இல் வெளியிட்டார். ஐரோப்பியக் குற்றக்கதையின் வேர்களில் ஒன்று அது. இருபதாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் போலீசில் துப்பறிவாளராக இருந்த பான்ட்ஜர், டி காக் என்ற இன்ஸ்பெக்டரை வைத்து 60க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அமெரிக்காவில் ஜோசப் வாம்பா லாஸ் ஏஞ்சலீஸ் போலீசில் வேலை பார்த்துக்கொண்டே 1971இல் முதல் நாவலை வெளியிட்டார். புகழ் கூடியதும் விசாரிக்கப் போகிற இடத்திலெல்லாம் வேடிக்கை கூடியது. 1974இல் வேலையை விட்டார். அவருக்குப் பிறகு போலீஸ் கதையின் போக்கே மாறியது. குற்றவாளியைப் போலீஸ்காரர் எப்படிப் பிடிக்கிறார் என்பதைவிட, அந்த வேலை போலீஸ்காரரை என்ன செய்கிறது என்பது கதையானது.

இந்தியாவில் இதை முதலில் செய்து காட்டியது வங்கம். கல்கத்தா போலீசின் துப்பறியும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிரியநாத் முகோபாத்யாய், 1892 முதல் ‘தாரோகார் தப்தர்’ (தாரோகாவின், அதாவது போலீஸ் ஆய்வாளரின், அலுவலகம்) என்ற வரிசையில் தன் வழக்குகளைக் கதைகளாக வெளியிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்தன. உருதுவில் 1916இல் வந்து பரபரப்பாக விற்ற ‘நீலி சத்ரி’ நாவலை எழுதிய ஜாபர் உமரும் போலீஸ் அதிகாரிதான். மூலக்கதை பிரான்சின் ஆர்சீன் லூப்பன் என்றாலும், அதை இந்திய மண்ணில் நட்டவர் காக்கி அணிந்தவர்.

தமிழிலும் தொடக்கம் பிந்தவில்லை. பிரியநாத்துக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1894இல் பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களை நூலாக்கினார். தமிழின் முதல் துப்பறியும் கதை நூலாக அது கருதப்படுகிறது. ஆனால் நடேச சாஸ்திரி நாட்டார் கதைகளைத் தொகுத்த அறிஞர், போலீஸ்காரர் இல்லை. வங்கத்தில் போலீஸ்காரர் தன் கதையைத் தானே சொன்னார். தமிழில் போலீஸ்காரனின் கதையை ஒரு பண்டிதர் சொன்னார். அப்போது பிரிந்த வழி பிரிந்ததுதான். பின்னர் வந்த ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் ஆங்கில நாவல்களைத் தழுவியும் கற்பனை செய்தும் துப்பறிவாளர்களை உருவாக்கினார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் வரும்போது தமிழ்க் குற்றக்கதைக்கு ஸ்டேஷன் அறிமுகம் தேவையே இல்லை என்றாகிவிட்டது. நாயகன் பெரும்பாலும் தனியார் துப்பறிவாளன் அல்லது வக்கீல். போலீஸ் இன்ஸ்பெக்டர் கடைசி அத்தியாயத்தில் விலங்கு மாட்ட வருகிறவர்.

சட்டம் கையைக் கட்டுகிறதா?

அரசு வேலையில் இருப்பவர் எழுதக்கூடாது என்று விதி இருக்கிறதே, அதுதான் காரணம் என்பது பலரும் சொல்லும் முதல் பதில். அதில் பாதி உண்மை.

1966ஆம் ஆண்டின் போலீஸ் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம், காவலர்கள் அனுமதியின்றிப் பத்திரிகைகளோடு தொடர்புகொள்வதையும் நூல் வெளியிடுவதையும் தடுக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே பிரிவு முழுக்க இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு விலக்கும் தருகிறது. அதாவது ஏட்டையா நாவல் எழுதுவதைச் சட்டம் நேராகத் தடுக்கவில்லை.

சிக்கல், ‘முழுக்க இலக்கியம்’ எது என்று முடிவு செய்வது யார் என்பதில் இருக்கிறது. தன் ஸ்டேஷனில் நடந்த கொலையை ஊர்ப்பெயர் மாற்றி எழுதினால் அது இலக்கியமா, துறை ரகசியமா? லாக்கப்பில் ஒருவன் அடிபடுகிற காட்சி கற்பனையா, ஒப்புதல் வாக்குமூலமா? மாறுதல், மெமோ, சார்ஜ், நின்றுபோகும் இன்கிரிமென்ட் என்று துறைக்குள் இருக்கிற வழிகள் போதும். இரண்டு ஆண்டு சிறை தேவையே படாது. கவிதையோ பக்தி நூலோ எழுதுகிற காவலருக்கு மேடையில் பொன்னாடை கிடைக்கும். தன் வேலையையே எழுதுகிறவருக்கு அப்படி இல்லை.

தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியான ஜி. திலகவதியை இங்கே நினைக்க வேண்டும். பணியில் இருந்தபோதே தொடர்ந்து எழுதியவர். 2005ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். விருது பெற்ற ‘கல்மரம்’ கட்டடத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். குற்றப் புலனாய்வு அதன் பொருள் இல்லை. ஓய்வுபெற்ற பிற அதிகாரிகள் எழுதியவை பெரும்பாலும் வழக்கு நினைவுகள். ராஜீவ் கொலை வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன் அந்த வழக்கைப் பற்றித் தமிழில் எழுதினார். வீரப்பன் வேட்டையை நடத்திய கே. விஜய்குமார் 2017இல் ஆங்கிலத்தில் எழுதினார். இவை பயனுள்ள ஆவணங்கள். ஆனாலும் வெற்றி பெற்ற, ஊரறிந்த வழக்குகளின் கதைகள். துப்பு கிடைக்காமல் கட்டி வைக்கப்பட்ட கேஸ் கட்டுகளைப் பற்றி அதிகாரிகள் புத்தகம் போடுவதில்லை. நாவலுக்கு வேண்டிய மனிதர்கள் அந்தக் கட்டுகளில்தான் இருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் தினமும் நடக்கும் எழுத்து

அரசு அலுவலகங்களில் போலீஸ் ஸ்டேஷன் அளவுக்குக் கதை எழுதுகிற இடம் வேறு இல்லை. புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை. சம்பவ இடத்தில் பார்வை மகஜர், மாதிரி வரைபடம். சாட்சிகளிடம் வாக்குமூலம். அன்றாடம் நடந்ததைச் சொல்லும் வழக்கு நாட்குறிப்பு. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின, வேலை மாறவில்லை.

சட்டமே இந்த எழுத்துக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்திருக்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது; 2024 வரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்குச் செல்லும் என்று அதன் 27ஆம் பிரிவு சொன்னது. அதனால்தான் தென்மாவட்டக் கொலை வழக்குகளில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், போலீஸை அழைத்துப்போய்க் கருவேலம் புதரிலிருந்தோ கண்மாய்க் கரையிலிருந்தோ அரிவாளை எடுத்துக் கொடுக்கிறார். கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். வழக்குக்கு வழக்கு ஆள் மாறும், புதர் மாறும். எடுத்துக் கொடுக்கும் காட்சி மட்டும் மாறாது. இன்றைய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

அடுத்தது மொழி. சாட்சி சொன்னதைப் போலீஸ் எழுதுகிறது; அதில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது. கிராமத்துக் கிழவி ஒருத்தி ஒப்பாரியும் சாபமுமாகச் சொன்னது ‘மேற்படி முகவரியில் குடியிருந்து கூலி வேலை செய்து வருகிறேன்’ என்ற நடையில் தாளில் ஏறும். அவள் திட்டிய வசவு போய்விடும், அழுகை போய்விடும், கொலைக்குக் காரணம் ‘முன்விரோதம்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். முப்பது வருஷம் இந்த நடையில் எழுதிப் பழகிய கை, நாவலுக்கு வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். கோர்ட்டில் நிற்க வேண்டிய கதைக்கு ஓட்டை இருக்கக்கூடாது. நாவலோ மனிதர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிற இடங்களில்தான் உயிர் பெறுகிறது.

திருச்சுழிக்கு இந்த எழுத்துத் தொழிலோடு பழைய உறவு ஒன்று உண்டு. 1879இல் அங்கே பிறந்த ரமணரின் தந்தை சுந்தரம் ஐயர், மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கரிடம் எழுத்தராகத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பின்பு வக்கீலானவர். அவருடைய வண்டி என்று தெரிந்தால் வழிப்பறிக்காரர்கள் விட்டுவிடுவார்கள் என்று ரமணரின் வரலாறுகள் சொல்கின்றன. ஊருக்கும் கோர்ட்டுக்கும் நடுவே நின்று குறைகளை எழுதிக் கொடுத்தவரைக் கள்ளரும் நம்பினார்கள் என்பது அதன் பொருள். அந்த நம்பிக்கை ஸ்டேஷன் எழுத்துக்கு ஏன் கிடைக்கவில்லை?

பதிவேட்டில் இருந்தவர்களின் நாவல்

பதில் வரலாற்றில் இருக்கிறது. தென்னாட்டில் கம்பெனி வருவதற்கு முன்பு காவல் என்பது ஊர்களே வைத்திருந்த ஏற்பாடு. ஸ்தலக் காவல், தேசக் காவல் என்று அதற்கு வரியும் மரியாதையும் இருந்தன. பாளையக்காரர்களை ஒடுக்கிய பிறகு அந்த உரிமைகள் பறிபோயின. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் வந்தது. நேற்று வரை காவல்காரர்களாக இருந்தவர்கள் புதிய போலீசின் கண்ணுக்குக் கள்ளர்களாகத் தெரிந்தார்கள்.

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றத்துக்கு அடையாளமானது. ஆண்கள் ரேகை வைக்க வேண்டும். இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிரமலைக் கள்ளர்களும் ஆப்பநாட்டு மறவர்களும் இதில் சிக்கினார்கள். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல் மாகாணத்தில் சட்டம் நீங்கியது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகளுக்கான சட்டம் வந்தது. கேடி லிஸ்டும் ஹிஸ்டரி ஷீட்டும் ஸ்டேஷன் அலமாரியை விட்டுப் போகவில்லை.

இந்தப் பின்னணியில் மேலே சொன்ன நாவல்களைப் படித்தால் அவற்றின் திசை விளங்கும். 1982இல் வந்த ‘வெக்கை’யில் ஒரு பதினைந்து வயதுப் பையன் தன் அண்ணனைக் கொன்ற நிலக்காரனை வெட்டிவிட்டு அப்பனோடு காடுமேடாக அலைகிறான். கொன்றது யார் என்ற மர்மம் இல்லை; முதல் பக்கங்களிலேயே தெரியும். போலீசிடம் அகப்படாமல் கோர்ட்டில் போய்ச் சரணடைய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கவலை. ஸ்டேஷனுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நாவல் விளக்கிச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து வாசகருக்கு விளக்கம் தேவையும் இல்லை. வெற்றிமாறன் 2019இல் அதை ‘அசுரன்’ ஆக்கினார்.

2003இல் வந்த ‘நெடுங்குருதி’யில் களவைத் தொழிலாகக் கொண்ட வேம்பர்களின் ஊரான வேம்பலை, வெயிலும் வறட்சியும் தின்ற ஊராக வருகிறது. வேல ராமமூர்த்தி ராணுவத்திலும் தபால் துறையிலும் வேலை பார்த்தவர்; சீருடையின் ஒழுங்கு அவருக்குப் புதிதல்ல. இருந்தும் ‘குற்றப் பரம்பரை’யில் அவர் நிற்பது கொம்பூதி வேயன்னாவின் பக்கம். மதுரையை மையமாக வைத்துச் சு. வெங்கடேசன் 2008இல் எழுதிய ‘காவல் கோட்டம்’, காவலும் களவும் ஒரே குடும்பத்துத் தொழில்களாக இருந்ததை நூற்றாண்டுகளின் நீளத்துக்குச் சொன்னது. பதிவேட்டில் ரேகை வைத்த கைகளின் கதையைச் சொல்லப் பேனா எடுத்தவர்கள் எழுதியது அந்தப் பதிவேட்டுக்கான மறுப்பு. இப்படிப்பட்ட மண்ணில் ஸ்டேஷனுக்குள்ளிருந்து வரும் கதையை ஊர் எந்தக் கண்ணோடு படித்திருக்கும்?

கோப்பு கதையாகும்போது

போலீஸ் கோப்பிலிருந்து நேராகக் கதை பிறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய சான்று சினிமாவில் இருக்கிறது. நெடுஞ்சாலை வீடுகளில் கொள்ளையடித்த வடநாட்டுக் கும்பலைத் தமிழகப் போலீஸ் தேடிப் பிடித்த வழக்கை அடிப்படையாகக் கொண்டது 2017இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’. போலீஸ் வேலையின் அலுப்பை, ஜீப்புக்கு டீசலும் ஆட்களும் கிடைக்காத அவதியை, கைரேகை ஒப்பிடும் பொறுமையை அதைப் போலக் காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு. அதே படம் ஒரு இனத்தையே பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டியது என்ற எதிர்ப்பையும் சந்தித்தது. படக்குழு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. புலனாய்வாளரின் உழைப்பு உண்மை; அவர் கையிலிருந்த கோப்பின் பார்வை பழையது. இரண்டையும் பிரிக்கத் தெரியாத எழுத்து 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை வேறு உருவத்தில் திரும்ப எழுதுவதாகிவிடும்.

எதிர்த் திசையில் இருப்பது மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’. கோவையில் ஆட்டோ ஓட்டியவர். 1980களில் குண்டூரில் செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டு அடிபட்ட நாட்களை எழுதினார். ‘விசாரணை’ படம் அதிலிருந்து வந்தது. அந்தப் படம் லாக்கப்போடு நிற்கவில்லை. இரண்டாம் பாதியில் தன் மேலதிகாரிகளிடமே மாட்டிக்கொள்கிற ஒரு இன்ஸ்பெக்டரைப் பின்தொடர்ந்தது. அடிபட்டவனின் கண்ணும் அடிக்கிறவனின் சிக்கலும் சேர்ந்தபோதுதான் கதை முழுமை பெற்றது.

கீழிருந்து வரும் குரல்

போலீஸ்காரரின் சிக்கலை உள்ளிருந்து பார்க்கும் இந்த இரண்டாவது கண்ணைத் தமிழுக்குக் கொண்டுவந்திருப்பவர், நாவலாசிரியர் இல்லையென்றாலும், இயக்குநர் தமிழ். காவலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர். 2022இல் அவர் எடுத்த ‘டாணாக்காரன்’ போலீஸ் பயிற்சிப் பள்ளிக்குள் நடக்கிறது. கொலை இல்லை, துப்பு இல்லை. ஒரு மனிதனை உடைத்துப் போலீஸ்காரனாக வார்ப்பது எப்படி என்பதே கதை. லத்தி எங்கிருந்து கோபத்தைக் கற்கிறது என்பதை வெளியாள் ஊகிக்கலாம். பரேடு மைதானத்தில் நின்றவர்தான் அதை நாள்வாரியாகச் சொல்ல முடியும்.

கவனிக்க வேண்டியது அவருடைய பதவி. வாம்பா சார்ஜன்ட், பான்ட்ஜர் ஸ்டேஷன் துப்பறிவாளர், பிரியநாத் தாரோகா. காவலர் எழுத்தில் நிலைத்தவை பெரும்பாலும் நடுப்படிக்கும் கீழ்ப்படிக்கும் உரியவை. மாவட்ட எஸ்.பி.க்குக் குற்றம் அறிக்கையாக வந்து சேர்கிறது. ஏட்டுக்கு அது வாடையோடு வந்து சேர்கிறது. பந்தோபஸ்துக்குப் போய் இருபது மணி நேரம் நிற்பவர், பெண் காவலராக இருந்தால் ஒதுங்க இடமில்லாமல் தவிப்பவர், ஊர்க்காரனுக்கு எதிரி, அதிகாரிக்கு ஆர்டர்லி என்று இரண்டு பக்கமும் அடிவாங்குபவர் அவர்தான்.

அவருடைய நிலையை இந்த வட்டாரமே அண்மையில் பார்த்தது. 2024 செப்டம்பரில் திருச்சுழி அருகே ஒரு சரக்கு வாகன ஓட்டுநர் கொல்லப்பட்டார். உறவினர்கள் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை முன்பு மறியலில் இறங்கினார்கள். கலைக்கப் போன பெண் டி.எஸ்.பி.யின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். தொலைக்காட்சிகள் அந்தச் சில விநாடிகளை நாள் முழுக்கக் காட்டின. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஏன் போலீசைக் கொலைகாரனின் கூட்டாளியாகப் பார்த்தார்கள், கூட்டத்துக்கு நடுவே நின்ற காவலர்கள் அன்று இரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்தச் செய்தியிலும் வரவில்லை.

காக்கிக்குள்ளிருந்து உண்மை பேசினால் என்ன எடை இருக்கும் என்பதற்கும் தென்மாவட்டமே சாட்சி. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில், அன்றிரவு ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். தமிழகமே அந்த வாக்குமூலத்தை நம்பியது. ஊர், காக்கிச் சட்டைக்காரர் சொல்வதையெல்லாம் மறுக்கிறதென்று இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாத சொல் என்றால் காது கொடுக்கிறது.

என்ன குறைகிறது?

ஆக, சந்தை இல்லாததால் காவலர் நாவல் வரவில்லை என்று சொல்ல முடியாது. மாத நாவல் காலம் அதைப் பொய்யாக்கியது. சட்டம் ஒரு சுவர்தான், ஆனால் அதில் வாசலும் இருக்கிறது. ஓய்வு பெற்றவருக்கு அந்தச் சுவரே பெரும்பாலும் இல்லை. எழுத்துப் பயிற்சி இல்லை என்றும் சொல்ல முடியாது. தினமும் எழுதுகிறவர்கள் அவர்கள். குறைவது வாசகரோடு ஒப்பந்தம். ‘எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் ஸ்டேஷன் படி ஏறினதில்லை’ என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிற ஊரில், அந்தப் படிக்கு உள்ளே இருந்தவர் கதை சொல்ல வந்தால், எதை மறைக்கிறார் என்றுதான் முதலில் தேடுவார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதைப் போக்க வேண்டிய பொறுப்பு எழுதுகிறவருடையது.

அப்படி எழுத ஒருவர் வந்தால், அவரிடம் மட்டும் இருக்கிற சரக்கு நிறைய. அரிவாள் கண்டெடுப்பு மகஜர் எழுதப்படுகிற முறை, எஃப்.ஐ.ஆரில் யார் பெயரைச் சேர்ப்பது என்று இரண்டு தரப்புச் சாதிப் பெரியவர்களும் ஸ்டேஷன் வாசலில் நடத்துகிற பேரம், சாட்சி பிறழப் போகிறார் என்பது ஏட்டுக்கு ஒரு மாதம் முன்பே எப்படித் தெரிகிறது என்பது, தன் சாதிக்காரன் எதிரியாக வரும்போது காவலர் படுகிற பாடு. பூமணியோ ராமகிருஷ்ணனோ வேல ராமமூர்த்தியோ இவற்றை எழுதவில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து இவை தெரியா. அவர்கள் கண்ட பாதியோடு இந்தப் பாதியும் சேர்ந்தால்தான் இந்த வறண்ட நிலத்துக் குற்றத்தின் கதை முழுமையாகும்.

ஆனால் விலை இருக்கிறது. வாம்பா தன் சகாக்களின் குடியையும் பயத்தையும் எழுதித்தான் நம்பிக்கை பெற்றார். இங்கே எழுதுகிறவர் அடுத்தவரின் குற்றத்தைக் கண்டுபிடித்த கதையோடு நின்றுவிட்டால், அது இன்னொரு சாதனைப் பட்டியல். தன் ஸ்டேஷனின் வழக்கு நாட்குறிப்பில் தன் கையாலேயே எழுதாமல் விட்ட நாட்களை அவர் எழுத வேண்டும். அந்த நாவலை ஓய்வுபெற்ற ஒரு ஏட்டையாவால் எழுத முடியும். பதிப்பாளர்கள் பிரபலமான வழக்குகளை விசாரித்த பெரிய அதிகாரிகளைத் தேடிப் போவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவருடைய வீட்டுக் கதவைத் தட்டலாம்.